சாராயப் போத்தலில் ஏழு மீன்

வில்பிரட்: ஏளா, போத்தல ஆட்டாத! ஆட்டாதங்கேன்ல! செதிலு உதிந்து போவும்!

ஹில்டா: செதிலு கெடக்கட்டும் ஐயா. நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க. பன்னெண்டு மணிக்கு லாரி...

வில்பிரட்: சன்னல் பக்கம் கொண்டா. மெதுவா... மெதுவா... கர்த்தரே! எத்தன இருக்கு?

ஹில்டா: ஏழு. ஐயா, எங்க வீட்டுக்காரரு லாக்கப்புல இருக்காரு!

வில்பிரட்: ஏழா! ஏழும் செதிலோடயா!

ஹில்டா: லாக்கப்புல இருக்காருங்கேன்!

வில்பிரட்: யாரு?

ஹில்டா: சந்தியாகு! என் புருசன்! இன்னைக்கு வெடியக்காலம் வள்ளம் கரையில முட்டுன ஒடனே பிடிச்சி இழுத்துட்டுப் போயிட்டானுவ.

வில்பிரட்: சந்தியாகுவயா? எதுக்கு?

ஹில்டா: புதன்கெழம ராத்திரி முயல் தீவுக்குப் பக்கத்துல கடல்ல வெளிச்சம் தெரிஞ்சுதாம். சண்டை வந்ததுல இருந்து கரை பூரா விளக்கணச்சுக் கெடக்குல்லா? இவரு ஜப்பான்காரனுக்கு விளக்குத் தூக்கிக் காட்டுனாராம். ஜப்பான்காரன் இவருக்கு மாமனா, மச்சானா?

வில்பிரட்: சந்தியாகு என்ன சொன்னான்?

ஹில்டா: அது விளக்கு இல்ல, மீனுன்னு சொன்னாரு.

வில்பிரட்: மீனுன்னா?

ஹில்டா: இந்த மீனு தான்! அள்ளும்போது மின்னிச்சு, அதான் கரைக்குத் தெரிஞ்சுதுன்னு. சப் இன்ஸ்பெக்டரு வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சானாம். பொறவு சொன்னானாம், ‘மீன் ஆபீசுல போத்தல் போத்தலா மீன அடைச்சி வச்சிருக்காருல்லா வில்பிரட் ஐயா, அவரு இப்படி ஒரு மீனு உண்டுன்னு எழுதி முத்திரை குத்திக் குடுத்தா பாக்கேன். இல்லன்னா மத்தியானம் லாரியில ஏத்தி பாளையங்கோட்டை செயிலு’ன்னு. அங்கன போனா சண்ட முடியுத மட்டும் வெளிய விட மாட்டானுவளாம் ஐயா! சண்ட எப்ப முடியும்?

வில்பிரட்: மணி என்ன இப்ப?

ஹில்டா: உங்க தலைக்கு மேல தொங்குது கடியாரம். பத்தே முக்கால்.

வில்பிரட்: நேரம் கெடக்கு. அந்த பூதக்கண்ணாடிய எடு. அது இல்ல, பெரிசு... இங்க பாரு. வயித்தப் பாரு! அடி வயித்துல இருந்து வாலு மட்டும் வரிசையா என்ன இருக்கு?

ஹில்டா: யம்மாடி... குட்டிக் குட்டியா முத்துப் பதிச்சாப்புல இருக்கு.

வில்பிரட்: முத்து என்னளா முத்து! அது சிப்பிக்குள்ள சும்மா கெடக்கும். இது ஒவ்வொண்ணும் ஒரு விளக்கு! கண்ணாடிச் சில்லு வச்சு, பின்னால வெள்ளி பூசுன விளக்கு. இந்த வரிசைய எண்ணித்தான் எந்த ஜாதின்னே சொல்ல முடியும். ஜாதிக்கு ஜாதி வரிச மாறும்!

ஹில்டா: அத அப்படியே எழுதுங்க. வெளிச்சம் போடுத மீனு உண்டு. ஒத்த வரி. நான் ஓடிப் போயிருவேன்.

வில்பிரட்: பதினோரு வருசம்! பதினோரு வருசமா இந்த மீன முழுசாப் பாக்கணும்னு காத்துக் கெடக்கேன். எத்தன சூரை மீனு வயித்தக் கீறிருப்பேன் தெரியுமா? சூரைக்கு இதுன்னா உசுரு. ஆனா வயித்துக்குள்ள போனா கூழாயிரும். மெட்ராஸ்ல இருக்க பெரிய அதிகாரிக்கு ஒண்ணு அனுப்புனேன். ‘செதில் இல்லாத சடலத்தை வைத்து ஜாதி சொல்வதற்கில்லை’ன்னு ரெண்டே வரியில பதில் போட்டான்.

ஹில்டா: ஐயா... உங்களுக்கு மீனக் கண்டா சோறே மறந்து போவும்னு ஊருல சொல்லுவாங்க. எம் புருசனையும் மறந்துராதீங்க.

வில்பிரட்: மறக்கல, மறக்கல. காயிதத்த எடு. மைக்கூடு அங்கன இருக்கு. ஆனா ஒண்ணு ஹில்டா. நான் பொய் எழுத மாட்டேன். முப்பது வருசமா இங்க ஒரு போத்தல் சீட்டுல கூட பொய் எழுதுனது கெடையாது.

ஹில்டா: யாரு உங்கள பொய் எழுதச் சொன்னா?

வில்பிரட்: சரி. எங்கன பிடிச்சது?

ஹில்டா: தொள்ளாயிரம் பாருல.

வில்பிரட்: எங்கன?

ஹில்டா: நம்ம முத்துச் சிப்பி எடுப்பாங்கல்லா, அந்த தொள்ளாயிரம் பாருல. ரெண்டு நாளு தங்கித் தொழில் பாத்துட்டு வந்தாரு.

வில்பிரட்: பாருல ஆழம் என்ன?

ஹில்டா: எட்டு பாகம், பத்து பாகம், அம்பது அறுவது அடி இருக்கும். ஆளு முங்கி சிப்பி எடுக்க ஆழந்தான்.

வில்பிரட்: ஏளா, இந்த மீனு பகல்ல எங்கன கெடக்கும் தெரியுமா? முன்னூறு பாகத்துல! சூரியனே எட்டிப் பாக்காத எடம். பொழுது சாஞ்சுதுன்னா கூட்டம் கூட்டமா மேல ஏறும். மேல வந்து பொடி எறாலத் திங்கும். வெடியுததுக்குள்ள மறுபடி எறங்கிரும். தெனமும்! தெனமும் ஏறி, தெனமும் எறங்கி...

ஹில்டா: விரல் நீளங்கூட இல்ல, தெனமும் முன்னூறு பாகமா! எங்க வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கெழம மாதா கோயில் படி ஏறதுக்கே மூச்சு வாங்கும்.

வில்பிரட்: கேளு, இன்னும் கேளு! விளக்க ஏன் வயித்துல வச்சிருக்கு? முதுகுல வைக்கப்படாதா?

ஹில்டா: நான் என்னத்தக் கண்டேன்?

வில்பிரட்: கீழ இருந்து பெரிய மீனு அண்ணாந்து பாக்கும். மேல நெலா வெளிச்சம் லேசா இருக்கும். நடுவுல நீந்துத மீனு கறுப்பு நெழலாத் தெரிஞ்சா ஒரே கடி. ஆனா வயித்துல அந்த நெலா வெளிச்சத்துக்குச் சரியா ஒரு வெளிச்சத்தப் போட்டுக்கிட்டா? நெழலே இருக்காது! ஊரெல்லாம் விளக்க அணச்சு ஒளியுது. இது விளக்கப் போட்டு ஒளியுது!

ஹில்டா: நெசமாவா!

வில்பிரட்: என் நெனப்பு. இன்னும் யாரும் கண்டு சொல்லல. அதனால காயிதத்துல வராது.

ஹில்டா: காயிதம்னு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதுங்க.

வில்பிரட்: அதான் சொல்ல வாரேன். இந்த மீனு பாருல கெடைக்காது. கரையில இருந்து முப்பது மைலாவது போவணும். அங்கனதான் கடல் தரை பொத்துன்னு எறங்கும். சந்தியாகு கொழும்புக்குப் போற வழியில பாதிக் கடல் போயிருக்கான்.

ஹில்டா: ஐயோ... ஐயா, சத்தமாச் சொல்லாதீங்க!

வில்பிரட்: சொல்லுது நான் இல்ல, மீனு.

ஹில்டா: கரை கண்ணுக்குத் தெரியுத தூரத்துக்கு அப்பால போவக் கூடாதுன்னு தமுக்கு அடிச்சிருக்கான். ஆழத்தப் பத்தி எழுதுனீங்கன்னா விளக்குக் குத்தம் போயி தூரக் குத்தம் வந்துரும்! செயிலு செயிலுதான்!

வில்பிரட்: ஆழத்த எழுதாம இந்த மீனப் பத்தி என்னத்த எழுத? ஆளப் பத்தி எழுதிட்டு தலய விட்ட மாதிரி இருக்கும்.

ஹில்டா: அப்ப... அப்ப பாருல பிடிச்ச சூரை வயித்துல கெடந்துதுன்னு எழுதுங்க! நீங்கதானே சொன்னீங்க, சூரைக்கு உசுருன்னு!

வில்பிரட்: வயித்துல கெடந்தது செத்த மீனு. செத்த மீனு மின்னாது. அப்ப கரைக்குத் தெரிஞ்ச வெளிச்சம்?

ஹில்டா: அது எங்க அரிக்கேன் விளக்கு...

வில்பிரட்: சொல்லாத!

ஹில்டா: நான் என்ன...

வில்பிரட்: வாய மூடு! என் காதுல போட்டா என் பேனாவுல வந்துரும். நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத சொல்லாத. வெளங்குதா?

ஹில்டா: வெளங்குது. மாதாவே, இப்படியும் ஒரு மனுசன்...

வில்பிரட்: என்ன மொனங்குத?

ஹில்டா: நீங்க கேக்கல, நான் சொல்லல.

வில்பிரட்: எதுல அள்ளுனது?

ஹில்டா: வள்ளத்துல தண்ணி கோருத தகரத்துல.

வில்பிரட்: அதான் செதிலு நிக்கி! வலையில பட்டிருந்தா ஒண்ணு மிஞ்சாது. கையால தொடாம, தண்ணியோட அள்ளி... நல்ல கை. ரொம்ப நல்ல கை. ஒடனே சாராயத்துலயும் போட்டாச்சு. சந்தியாகுவா சாராயத்த ஊத்துனான்?

ஹில்டா: ம்... ஆமா.

வில்பிரட்: அவன் போத்தல் சாராயத்த, அவன் கையால, மீனுக்கு?

ஹில்டா: ஐயா, நீங்க கேக்கதுல எது காயிதத்துக்கு, எது வம்புக்குன்னு எனக்குத் தெரியல.

வில்பிரட்: சரி விடு. அந்த எடத்துல கடல் எப்படி இருந்துது? காத்து?

ஹில்டா: காத்து நல்லா இருந்துதாம்.

வில்பிரட்: அலை?

ஹில்டா: பெருசா இல்லியாம். வள்ளம் வழுக்கிட்டுப் போச்சாம்.

வில்பிரட்: தண்ணி ஏறலியே வள்ளத்துல? பாய் கிழிசல்? ஒண்ணும் ஆவலியே?

ஹில்டா: மீனுக்கும் பாய்க்கும் என்ன ஐயா சம்பந்தம்?

வில்பிரட்: எல்லாத்துக்கும் சம்பந்தம் உண்டு. மின்னுனத நீ பாத்தியா?

ஹில்டா: நான் எங்க பாத்தேன்? அவரு சொன்னாரு. லாக்கப்புக் கம்பிக்குள்ள நின்னுக்கிட்டு, செயிலுக்குப் போறோம்ங்க பயமே இல்லாமச் சொல்லுதாரு ஐயா! மூணு மணி இருக்குமாம். தகரத்த முக்கித் தூக்குனா உள்ள கெடந்து துடிக்குதாம், துடிக்கத் துடிக்க மின்னுதாம். கைய விட்டா கை பூரா வெளிச்சமாம்!

வில்பிரட்: என்ன நெறம்?

ஹில்டா: நீலமாம்.

வில்பிரட்: நீலமா? பச்சை கலந்த நீலமா? நல்லா யோசிச்சுச் சொல்லு!

ஹில்டா: நான் அந்த நேரத்துல அவரு மூஞ்சியப் பாப்பனா, நெறத்தக் கேப்பனா! நீலம்னாரு. அடுப்புல உப்பு விழுந்தா ஒரு நெறம் வருமே, அத விடக் குளிர்ச்சியா இருந்துதாம். ‘இம்புட்டு வருசம் கடலுக்குப் போறேன் ஹில்டா, இப்படி ஒண்ண கண்டது இல்ல’ன்னு சொல்லிட்டு சின்னப் புள்ள மாதிரி சிரிக்காரு. நான் அழுதுட்டு நிக்கேன்!

வில்பிரட்: கர்த்தரே... உசுரோட! கையில! எனக்கு ஒரு தடவ குடுத்து வைக்கலியே!

செந்தூர்பாண்டி: ஐயா, உள்ள வரலாமா? என்னது இது, ஆபீஸ் பூரா சாராய வாசன தூக்குது!

வில்பிரட்: தபால் குடுக்கப் போன பியூனு வர இம்புட்டு நேரமா? மீனுலே.

செந்தூர்பாண்டி: மீனுக்கு எப்ப இருந்து இந்தப் பழக்கம்?

ஹில்டா: அண்ணாச்சி, ஸ்டேஷன் பக்கம் இருந்தா வாரீங்க? லாரி வந்துட்டா?

செந்தூர்பாண்டி: வாசல்ல நிக்கி. பெட்ரோல் இல்லாததால கரியில ஓடுத லாரி. கொமரன் ஒருத்தன் கரி அடுப்ப ஊத ஆரம்பிச்சிட்டான். புகை வந்துட்டுன்னா கெளம்பிரும். உங்க வீட்டுக்காரரோட சேத்து நாலு பேராம்.

ஹில்டா: பன்னெண்டுன்னு சொன்னானே! ஐயா, எழுதுங்க ஐயா! உங்க காலுல விழுதேன்!

வில்பிரட்: எந்திரி, எந்திரி! விழுந்தா எனக்கு எழுத்து வராது. ஏலே செந்தூர்பாண்டி, மூணாவது தட்டு. வலது ஓரம். செவப்பு மெழுகு வச்ச போத்தலு. எடு!

செந்தூர்பாண்டி: இதா? அழுக்குத் தண்ணியில ஒரு குச்சி கெடக்கு.

வில்பிரட்: குச்சி இல்லடா, மூதி. சீட்டப் படி.

செந்தூர்பாண்டி: ‘1931 டிசம்பர். முயல் தீவுக் கரை. வாடைக் காற்றுக்கு மறுநாள். ஒன்று.’

வில்பிரட்: ஹில்டா! கேட்டியா! முயல் தீவு! காத்து வெரட்டிக் கரையில ஒதுங்குனது. இந்தக் கையால நானே பொறுக்குனேன். செதிலு போயிட்டு, ஜாதி சொல்ல முடியல. ஆனா வயித்துல விளக்கு இருக்கு. இந்தக் கூட்டத்து மீனுதான், சந்தேகமே இல்ல!

ஹில்டா: அப்படின்னா... கரைக்குப் பக்கத்துலயும்...

வில்பிரட்: வந்திருக்கு. ஒரு தடவ வந்திருக்கு. அது நெசம். நெசத்த எழுதலாம்!

ஹில்டா: பனிமயத் தாயே! உமக்கு நூறு மெழுகுவத்தி!

வில்பிரட்: மெழுகுவத்தி பொறவு. இங்கிலீஷ்ல எழுதுதேன், தமிழ்ல சொல்லிக்கிட்டே வாரேன். ‘பரதவர் சந்தியாகு கொண்டு வந்த ஏழு மீன்களைப் பரிசோதித்தேன். இம்மீன் நம் கடலில் உண்டு. இதன் வயிற்றிலும் வாலிலும் ஒளி தரும் உறுப்புகள் உண்டு.’

ஹில்டா: உண்டு, உண்டு.

வில்பிரட்: ‘பகலில் மிகுந்த ஆழத்தில் வாழும். இரவில் கடலின் மேல்மட்டத்துக்கு வரும்.’

ஹில்டா: ஆழம்... அத எழுதித்தான் ஆவணுமா?

வில்பிரட்: ஆவணும். அடுத்த வரியக் கேளு. ‘எனினும் 1931ல் முயல் தீவுக் கரையில் இவ்வகை மீன் ஒன்றை நானே எடுத்துள்ளேன். உயிரோடு பிடிக்கையில் நீல நிறமாக ஒளிர்ந்ததாகப் பிடித்தவர் கூறுகிறார். அறிவியல் நூல்களும் அவ்வாறே கூறுகின்றன.’ முடிஞ்சுது.

ஹில்டா: ‘புதன்கெழம ராத்திரி தெரிஞ்ச வெளிச்சம் இதுதான்’னு ஒரு வரி...

வில்பிரட்: அது எனக்குத் தெரியாது.

ஹில்டா: தெரியாதுன்னு எழுதிராதீங்க!

வில்பிரட்: அப்படி ஒரு மீனு உண்டான்னுதான அவன் கேட்டான்? கேட்டதுக்குப் பதில் எழுதிட்டேன். கேக்காததுக்கு நான் ஏன் எழுதணும்? லே, முத்திரையக் கொண்டா. அழுத்திக் குத்து... சைக்கிள எடு. பற!

செந்தூர்பாண்டி: பின்னால சக்கரத்துல காத்து கம்மி ஐயா.

வில்பிரட்: நீ பறக்கப் போறதுக்குக் காத்து எதுக்கு? போலே!

ஹில்டா: அண்ணாச்சி, இந்தப் போத்தலு ரெண்டு மீனோட! அவன் கண்ணால பாக்கட்டும்!

வில்பிரட்: ரெண்டா! ஒண்ணு போதும், ஒண்ணு! அந்தச் சின்னக் குப்பியில... சீக்கிரம்... சிந்தாத... போ!

ஹில்டா: போயிட்டாரு. நானும் பின்னாலயே ஓடட்டா?

வில்பிரட்: உன் காலு சைக்கிள முந்துமா? இங்கனயே நில்லு. லாரி போனா இந்த ரோட்டு வழியாத்தான் போவணும். சன்னல்ல இருந்தே பாக்கலாம்.

ஹில்டா: என்னால சும்மா நிக்க முடியல ஐயா. ஏதாவது பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க.

வில்பிரட்: பேசவா? இங்க வா. இந்த ஆறுல ஆம்பள எது, பொம்பள எதுன்னு சொல்லு பாப்போம்.

ஹில்டா: இந்நேரத்துல கேக்கக் கேள்வியா இது!

வில்பிரட்: வாலப் பாரு. இவனுக்கு வாலுக்கு மேல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. இவளுக்கு வாலுக்குக் கீழ. ரெண்டும் விளக்கு! அம்புட்டு இருட்டுல, முன்னூறு பாகத்துல, இவன் இவள எப்படிக் கண்டுபிடிப்பான்? விளக்கு மேலயா கீழயான்னு பாத்துத்தான்! அப்படித்தான் படிச்சவங்க நெனைக்காங்க.

ஹில்டா: அடி ஆத்தி! நமக்குப் பகல்லயே கண்டுபிடிக்க முடியல, யாரு எப்படின்னு... ஐயா! புகை! அங்கன புகை வருது!

வில்பிரட்: எங்க?

ஹில்டா: லாரி! லாரி கெளம்பிட்டு! இந்தா வருது! செந்தூர்பாண்டி அண்ணன் போய்ச் சேந்தாரா தெரியலியே!

வில்பிரட்: கரி லாரி மெதுவாத்தான் வரும். அழாத! கண்ணத் தொடச்சுட்டு நல்லாப் பாரு. எத்தன பேரு?

ஹில்டா: போலீசு ரெண்டு... பின்னால உக்காந்திருக்கது... ஒண்ணு... ரெண்டு... தலப்பா கட்டுனவன் ஒருத்தன்... மூணு...

வில்பிரட்: நாலாவது?

ஹில்டா: புகை மறைக்குது! சவத்துப் புகை! விலகு, விலகு...

வில்பிரட்: தள்ளு, நான் பாக்கேன். மூணு. மூணுதான்! ஹில்டா, மூணு பேருதான்!

ஹில்டா: இல்ல! அவரு இல்ல! ஐயா, லாரியில அவரு இல்ல!

வில்பிரட்: ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! ஏளா, கையக் குடு!

ஹில்டா: மாதாவே! மாதாவே! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலியே!

செந்தூர்பாண்டி: ஐயா! ஐயா! விட்டுட்டான்! ஏட்டு பதிவுல கைநாட்டு வாங்கிட்டு இருக்காரு, இப்ப வெளிய வந்துருவாரு!

ஹில்டா: அண்ணாச்சி, உங்க வாய்க்குச் சீனி போடணும்! என்ன சொன்னான், மொதல்ல இருந்து சொல்லுங்க!

செந்தூர்பாண்டி: சப் இன்ஸ்பெக்டரு ஒரு தரம் படிச்சான். மறுபடி படிச்சான். குப்பிய வெயிலுக்குக் காட்டி ஒத்தக் கண்ண மூடிப் பாத்தான். ‘ஏலே, நெசமாவே விளக்கு வச்சிருக்குலே’ன்னு ஏட்டையாவக் கூப்பிட்டான். ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டுப் பாக்காங்க!

வில்பிரட்: குப்பியத் திருப்பிக் குடுத்தானா?

செந்தூர்பாண்டி: அதையும் வாங்கிட்டுத்தான் வந்தேன், இந்தாங்க. ஏட்டையாவுக்குச் சந்தேகம். ‘வேண்டியவனுக்கு எழுதிக் குடுத்திருப்பாரோ’ன்னாரு. அதுக்கு சப் இன்ஸ்பெக்டரு என்ன சொன்னான் தெரியுமா? ‘யாரு, வில்பிரட்டா? ஆகஸ்டு கலகத்துல தந்திக் கம்பிய அறுத்துட்டு வந்து நின்ன பெத்த மவனையே, சர்க்கார் சோறு திங்குத வீட்டுப் படி ஏறாதன்னு வெரட்டி விட்ட ஆளுவே. சொந்த மவனுக்கே ஒரு பொய் சொல்லாதவரு, மீன் பிடிக்கவனுக்கா சொல்லப் போறாரு? அவுத்து விடுவே’ன்னான்.

ஹில்டா: அண்ணாச்சி! ஐயா முன்னாலயா இதச் சொல்லுவீங்க!

செந்தூர்பாண்டி: நான் அவன் சொன்னதச் சொன்னேன் ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க.

வில்பிரட்: தப்பு இல்லலே. முக்குக் கடையில போயி நாலு சோடா வாங்கிட்டு வா. சந்தியாகுக்கும் சேத்து.

செந்தூர்பாண்டி: இந்தா வந்துட்டேன்.

ஹில்டா: நானும் போறேன் ஐயா. அவரு காலைல இருந்து கஞ்சி குடிக்கல.

வில்பிரட்: நில்லுளா.

ஹில்டா: என்ன ஐயா?

வில்பிரட்: காயிதம் போயிட்டு. முத்திரையும் போயிட்டு. இனி என் பேனாவுல வர ஒண்ணும் இல்ல. இப்பச் சொல்லு.

ஹில்டா: என்னத்தச் சொல்ல?

வில்பிரட்: வள்ளத்துல இன்னொரு ஆளு இருந்தான்.

ஹில்டா: நீங்க... அத எப்படி...

வில்பிரட்: பூனைக்குக் கூட ஆவாத மீனு இது. சந்தியாகுவா இருந்தா கடல்லயே கொட்டிருப்பான். சாராயத்த தொண்டையில ஊத்திருப்பான். கைபடாம தண்ணியோட அள்ளணும், ஒடனே சாராயத்துல போடணும், தலைய மேல வச்சு எறக்கணும்னு இந்தக் கரையில ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நானு. இன்னொருத்தன் என்கிட்ட, இந்த மேசையில, எட்டு வயசுல இருந்து படிச்சவன். நீ போத்தல நீட்டுன ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு ஹில்டா. தெரியாத மாதிரி காத்தக் கேட்டேன், அலையக் கேட்டேன்... அவனக் கேக்கத்தான் வாய் வரல. சொல்லு. என் மவன் ராஜதுரை... கரை ஏறிட்டானா?

ஹில்டா: ஏறிட்டாரு ஐயா. இலங்கையில, கற்பிட்டிக் கரையில, வெயிலு தாழ, ஒரு குறையும் இல்லாம ஏறிட்டாரு. இடுப்பளவு தண்ணியில எறங்கி நடந்தவரு, பாதியில திரும்பி வந்து எங்க வீட்டுக்காரரு கையில போத்தலக் குடுத்துட்டுச் சொன்னாராம், ‘என்ன ஏத்தத் தூக்குன விளக்க யாராவது பாத்துப் பிடிச்சா, மீனுன்னு சொல்லுங்க. இத எங்க அப்பாகிட்ட கொண்டு போங்க. அவரு எனக்காகக் கூடப் பொய் எழுத மாட்டாரு. ஆனா இந்த மீனப் பாத்துட்டா, நெசத்த எழுதாம இருக்க அவரால முடியாது’ன்னு.